நோட்டில் ஏறாத பெயர்

எனக்கு வந்தது உண்ணிக் காய்ச்சல். டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்கிறார்கள். பெயரைக் கேட்டால் மாட்டுக்கு வருகிற நோய் போல இருக்கும். என் வீட்டுக்காரர் முதலில் அப்படித்தான் நினைத்தார். மலையடிவாரத்தில் குடியிருக்கிறவர்களும், புல் அறுக்கிறவர்களும், தோப்பில் வேலை செய்கிறவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய நோய் என்பதால் இதை எழுதுகிறேன். அது பாதிக் காரணம். மீதியைச் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. நடந்ததை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனால் அதுவும் வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

என் பெயர் சாராள். வயது ஐம்பத்து நான்கு. இலஞ்சியிலிருந்து குற்றாலம் போகிற வழியில் எங்கள் ஊர். பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். வீட்டுக்காரர் டேனியல், பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரே மகள், எங்களுக்கு இன்னும் பாப்பாதான், கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். இதையெல்லாம் விட ஊரில் என்னை அடையாளம் காட்டுவது வேறொன்று: எங்கள் சபையின் பெண்கள் ஐக்கியத்துக்குப் பதினான்கு வருடமாக நான்தான் செயலாளர்.

ஐக்கியம் என்றால் வெறுமனே கூடிப் பாட்டுப் பாடுகிற கூட்டம் என்று நினைக்க வேண்டாம். மாதம் ஒரு சனிக்கிழமை தென்காசிக்குப் போய் ஆஸ்பத்திரி ஊழியம் செய்வோம். ஒவ்வொரு கட்டிலுக்கும் ஒரு பன், ஒரு வாழைப்பழம், ஒரு ஜெபம். கிறிஸ்தவர்கள் என்றால் வாயால் மட்டும் இருக்கக் கூடாது, கையாலும் காலாலும் இருக்க வேண்டும் என்று கூட்டத்துக்குக் கூட்டம் பேசுவேன். நன்றாகப் பேசுவேன். யார் யார் ஊழியத்துக்கு வந்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்குவேன். வருடக் கடைசியில் அதிக நாள் வந்தவளுக்கு ஓர் எவர்சில்வர் டப்பா பரிசு. முதல் ஆறு வருடம் அந்த டப்பா எனக்கே வந்தது. பிறகு கூச்சப்பட்டு என் பெயரைப் போட்டியிலிருந்து எடுத்துக்கொண்டேன்.

கல்லறைத் திருநாளுக்கு முந்தின சனிக்கிழமை, வருடம் தவறாமல், ஊருக்கு வெளியே இருக்கிற கல்லறைத் தோட்டத்தைச் சுத்தம் செய்வோம். அந்த வருடம் மழை முன்னதாகவே பிடித்துக்கொண்டதால் புதர் இடுப்பளவு வளர்ந்து கிடந்தது. என்னையும் சேர்த்து ஒன்பது பேர். முன்வரிசைக் கல்லறைகளைக் கழுவினோம், சுண்ணாம்பு அடித்தோம், நடுநடுவே பாட்டும் பாடினோம். பின்னால் மலைப் பக்கம் பழைய கல்லறைகள் இருக்கின்றன. யாருடையவை என்று யாருக்கும் தெரியாது. அந்தப் பக்கம் புதர் வெட்டத் தங்கத்தை அனுப்பினேன்.

தங்கம் எங்கள் கோயிலைப் பெருக்கித் துடைத்து, பாய் விரித்து, மணியடிக்கிறவள். நாற்பது வயது இருக்கும். பிள்ளை இல்லை. புருஷன் செல்லத்துரை தென்னை ஏறுகிறவர். அரிவாளோடு காலையில் உள்ளே போனவள் மத்தியானம்தான் வெளியே வந்தாள். கையெல்லாம் கீறல். சாயங்காலம் ஜெபம் முடித்து நோட்டில் பெயர் எழுதினேன். எட்டுப் பெயரும் என் பெயரும். தங்கம் அப்போது மண்வெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

பத்துப் பன்னிரண்டு நாள் கழித்து எனக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. கண்ணுக்குப் பின்னால் யாரோ உட்கார்ந்துகொண்டு இடிப்பது போன்ற தலைவலி. பக்கத்துக் கிளினிக்கில் இருந்த டாக்டர், வயதானவர், நல்ல மனிதர். "அருவியில குளிச்சீங்களோ?" என்று கேட்டார். குற்றாலத்துப் பக்கம் குடியிருக்கிறவர்களிடம் எந்தக் காய்ச்சலுக்கும் முதலில் கேட்கிற கேள்வி அதுதான். பிறந்ததிலிருந்து அருவிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறேன், குளித்துப் பத்து வருடமாகிறது என்றேன். சளிக்கு மருந்து கொடுத்தார். "உடம்புல கட்டி, புண் ஏதாவது?" என்றும் கேட்டார். இல்லை என்றேன்.

அது பொய். இடது மார்புக்குக் கீழே, துணி இறுகுகிற இடத்தில், ஒரு கறுப்புப் பொருக்கு இருந்தது. வலிக்கவில்லை, அரிக்கவில்லை. வேர்வையில் வந்த சூட்டுக்கொப்புளம் என்று நினைத்தேன். அப்படியே நினைக்காவிட்டாலும் ஓர் ஆம்பளை டாக்டரிடம் அந்த இடத்தைச் சொல்லியிருக்க மாட்டேன். எங்கள் பக்கத்துப் பெண்களில் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சொல்ல மாட்டார்கள். இதைப் படிக்கிற பெண்கள் தயவுசெய்து சொல்லுங்கள். அது எந்த இடமாக இருந்தாலும் சொல்லுங்கள்.

காய்ச்சல் வந்த ஐந்தாம் நாள் மூச்சு இழுக்க ஆரம்பித்தது. வீட்டுக்காரர் ஆட்டோ பிடித்துத் தென்காசிக்குக் கொண்டுபோனார். கார்த்திகை மாதம், ரோடு முழுக்கச் சபரிமலை வண்டிகள். குற்றாலத்தில் குளிக்கப் போகிற கூட்டம் எங்கள் எதிரே வந்துகொண்டே இருந்தது. சாமிமாரில் ஒருவர் ஆட்டோவுக்குள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, தன் வேனை ஓரம் கட்டச் சொல்லி எங்களுக்கு வழி விட்டார். நான் வீட்டுக்காரர் தோளில் சாய்ந்து, "பாப்பாவுக்குப் போன் பண்ணிருங்க" என்று மட்டும் சொன்னேன்.

அந்த ஆஸ்பத்திரியின் பெயர் வேண்டாம். காப்பீட்டு அட்டையை ஏற்றுக்கொண்டார்கள், நன்றாகவும் பார்த்தார்கள். ஒரு லேடி டாக்டர், என் மகள் வயதுதான் இருக்கும். வந்ததும் திரையை இழுத்துவிட்டு, "உடம்பு முழுக்கப் பாக்கணும்மா" என்றார். இரண்டு நிமிடத்தில் அந்தப் பொருக்கைக் கண்டுபிடித்துவிட்டார்.

அவர் எனக்குச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். புதரிலும் புல்லிலும் கண்ணுக்கே தெரியாத ஒரு குட்டி உண்ணி இருக்கிறது. அது கடித்தால் தெரியாது. கடித்த இடம் சிகரெட்டால் சுட்டது போலக் கறுத்துப் பொருக்குத் தட்டும். அக்குள், இடுப்பு, தொடை இடுக்கு, மார்புக்கு அடி என்று மறைவான இடமாகத்தான் இருக்கும். பத்து நாளில் காய்ச்சல் வரும். முதல் வாரத்திலேயே பிடித்துவிட்டால் ஒரு மாத்திரை போதும், விலை மலிவான மாத்திரை, இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கிவிடும். விட்டுவிட்டால் நுரையீரலில் நீர் கோக்கும், சிறுநீரகம் நிற்கும், ஆளைக் கொல்லும். எனக்கு நுரையீரலில் ஆரம்பித்திருந்தது.

இரத்தம் எடுத்து அனுப்பினார்கள். முடிவு வர ஒரு நாளாகும், ஆனால் காத்திருக்க வேண்டாம் என்று உடனே மருந்து ஏற்றினார்கள். அப்போது டாக்டரம்மா கேட்டார். அந்தக் கேள்வியை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"சமீபத்துல புதர், காடு, தோட்டம்னு எங்கயாவது போனீங்களா?"

கல்லறைத் தோட்டத்தைச் சொன்னேன்.

"உங்ககூட யார் யார் இருந்தாங்க? எல்லார் பேரும் வேணும். காய்ச்சல் இருக்கான்னு கேக்கணும், லேசா இருந்தாலும் உடனே மாத்திரை குடுத்துரலாம்."

காய்ச்சல் நூற்று மூன்றில் இருந்தது. இருந்தும் ஒன்று விடாமல் சொன்னேன். எட்டுப் பெயர், நோட்டில் எழுதிய அதே வரிசையில். ஒருத்தி பத்து மணிக்குத்தான் வந்தாள், அரை மணி நேரத்தில் மாமியாருக்கு மருந்து கொடுக்க வேண்டுமென்று போய்விட்டாள். அவள் பெயரையும் சொன்னேன். வீட்டுக்காரர் வராந்தாவில் நின்று எட்டுப் பேருக்கும் போன் போட்டார். இரண்டு பேருக்கு லேசான காய்ச்சல் இருந்தது. அன்றைக்கே மாத்திரை கிடைத்தது, பிழைத்துக்கொண்டார்கள். டாக்டரம்மா என்னிடம், "நல்ல ஞாபகசக்திம்மா உங்களுக்கு" என்றார். எனக்கு அந்த நிலைமையிலும் பெருமையாக இருந்தது.

அடுத்த நான்கு நாள் ஆக்சிஜன் மாஸ்க்கோடு கிடந்தேன். பயந்தேன். விசுவாசி சாவுக்குப் பயப்படக் கூடாது என்று எத்தனையோ கட்டிலருகே நின்று சொல்லியிருக்கிறேன். சொன்னவள் நான்தானா என்று இருந்தது. ஜெபம் பண்ணப் போனால் பாதியில் மூச்சு நின்றுவிடும். "ஆண்டவரே" என்று தொடங்கி அங்கேயே முடிந்துவிடும். விரலில் மாட்டிய கருவியில் எண் குறையும்போதெல்லாம் மணியடிக்கும். அது எனக்கு அடிக்கிறதா, அடுத்த கட்டிலுக்கு அடிக்கிறதா என்று கழுத்தைத் திருப்பிப் பார்ப்பேன். அடுத்த கட்டிலுக்கு என்றால் நிம்மதி வரும். அந்த நிம்மதியை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

முப்பது வருடத்தில் ஒரு டம்ளர் கழுவியறியாத என் வீட்டுக்காரர், ஆஸ்பத்திரிக் குழாயடியில் என் நைட்டியைத் துவைத்தார். தலைமுடி சிக்கு விழுகிறதென்று நர்ஸ் சொன்னதால், யூடியூபில் பார்த்து எனக்குச் சடை பின்னிவிட்டார். அது சடையாகவே இல்லை. மாஸ்க்குக்குள் சிரித்ததில் இருமல் வந்து, மணியடித்து, நர்ஸ் ஓடிவந்து அவரைத் திட்டினார்.

மூன்றாம் நாள் ஐக்கியத்துப் பெண்கள் வந்தார்கள். பன்னும் பழமும் கொண்டுவந்து, என் கட்டிலைச் சுற்றி நின்று, கண்ணை மூடிச் சத்தமாக ஜெபித்தார்கள். பத்து நிமிடம். எனக்கு மூத்திரம் முட்டிக்கொண்டிருந்தது. பேசினால் இருமல் வரும், கையைக் காட்டலாமென்றால் எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். அடுத்த கட்டிலில் கடையநல்லூர்ப் பெண் ஒருத்தி, ஊசி போட்டு அப்போதுதான் கண்ணயர்ந்தவள், திடுக்கிட்டு விழித்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதினான்கு வருடம் நாங்கள் ஜெபித்த கட்டில்களில் கிடந்தவர்கள் எங்களை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. கண்ணை மூடியிருந்ததால் நாங்கள் பார்த்ததில்லை.

ஐந்தாம் நாள் மாஸ்க்கை எடுத்து, கடையநல்லூர்ப் பெண்ணோடு சேர்த்து என்னையும் வார்டுக்கு மாற்றினார்கள். அன்றைக்குப் பார்வையாளர் நேரத்தில் தங்கம் வந்தாள், தனியாக, பஸ்ஸில். தூக்குவாளியில் கஞ்சி.

"என்னக்கா இப்பிடி வாடிப் போயிட்டிய? ரெண்டு வாய் குடிங்க. சுக்குத் தட்டிப் போட்டிருக்கேன்."

அவள் ஜெபம் எதுவும் பண்ணவில்லை. எனக்குக் கஞ்சி புகட்டினாள். கட்டிலுக்கடியில் இருந்த பாத்திரத்தை எடுத்துப் போய்க் கழுவி வந்தாள். வீட்டுக்காரர் போட்ட சடையைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அவிழ்த்து எண்ணெய் வைத்துப் பின்னினாள். கடையநல்லூர்ப் பெண்ணிடம், "ஒங்களுக்கு ஆளு யாரும் இல்லியாம்மா?" என்று கேட்டு, மகன் துபாயில் இருக்கிறான், மருமகள் சாயங்காலம்தான் வருவாள் என்று தெரிந்துகொண்டு, அவளுக்கும் வெந்நீர் பிடித்துக் கொடுத்தாள். பிறகு என் கால்மாட்டில் உட்கார்ந்து காலை அமுக்கிவிட்டாள். அவள் கை சுட்டது. வெயிலில் வந்திருப்பாள் என்று நினைத்தேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"மேலெல்லாம் ஒரே வலியா இருக்குக்கா. நாலஞ்சு நாளாத் தலையும் கனக்கு."

"மழையில நனைஞ்சுக்கிட்டு அலைஞ்சா கனக்காம என்ன செய்யும்? இந்தா, இதுல பத்து மாத்திரை இருக்கு. காய்ச்ச மாத்திரைதான். வேளைக்கு ஒண்ணு போடு, சரியாப் போயிரும்."

என் மேசையிலிருந்த பாராசிட்டமால் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். பெரிய உதவி செய்துவிட்ட திருப்தியோடு கொடுத்தேன். அவள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு முந்தானையில் முடிந்தாள். பாராசிட்டமால் காய்ச்சலை இறக்கிக் காட்டும், உண்ணிக் காய்ச்சலின் கிருமியை ஒன்றும் செய்யாது. அதை டாக்டரம்மா எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தார்.

நான் கெட்ட எண்ணத்தில் தங்கத்தை மறைத்தேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். மறைத்திருந்தால்கூட அவள் என் நினைவில் இருந்தாள் என்றாகும். "உங்ககூட யார் இருந்தாங்க" என்று கேட்டபோது என் மனதில் வந்தது நோட்டு. நோட்டில் அவள் இல்லை. புதரை வெட்டிய ஒரே ஆள் அவள். உண்ணி இருந்தது புதரில். கால்மாட்டில் உட்கார்ந்து மேல் வலிக்கிறது என்று அவள் சொன்னபோதும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்த எட்டாம் நாள் சாயங்காலம் டாக்டரம்மா என் கட்டிலுக்கு வந்தார். வழக்கமாகச் சிரித்துக்கொண்டே வருகிறவர் அன்றைக்குச் சிரிக்கவில்லை.

"சாராளம்மா, தங்கம்னு ஒருத்தங்களைத் தெரியுமா? உங்க ஊர்தான். மூச்சுத் திணறலோட வந்திருக்காங்க, ஐசியுல இருக்காங்க. இடுப்புல, பாவாடை நாடா கட்டுற இடத்துல பொருக்கு இருக்கு. கல்லறைத் தோட்டத்துல உங்ககூட வேலை செஞ்சதாச் சொல்றாங்க. நீங்க சொன்ன பேர்ல இவங்க இல்லையே?"

"அவ கோயில் வேலைக்காரி, டாக்டர்" என்றேன்.

கேட்ட கேள்விக்கு அது பதிலே இல்லை. ஆனால் என் வாயிலிருந்து வந்தது அதுதான். டாக்டரம்மா என்னையே பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"அவங்ககிட்டயும் அதே கேள்வியக் கேட்டேன்" என்றார். "பதினோரு பேர் சொன்னாங்க. மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாங்க. நீங்க ஒம்பது பேரு, அப்புறம் டீ கொண்டுவந்த ஒரு பாய், ஆடு மேய்ச்சுக்கிட்டிருந்த ஒரு ஆச்சி. அந்த ஆச்சிக்கு மூணு நாளாக் காய்ச்சலாம். இப்பதான் போன் பண்ணி மாத்திரை குடுக்கச் சொல்லியிருக்கேன். பொழச்சிருவாங்க."

டீ வந்தது எனக்கு நினைவிருக்கிறது. குடித்தேன். யார் கொண்டுவந்தார் என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. ஆடு மேய்த்தவளைச் சுத்தமாக நினைவில்லை.

மறுநாள் புதன்கிழமை காலை, வீட்டுக்காரரைச் சக்கர நாற்காலி தள்ளச் சொல்லி ஐசியுவுக்குப் போனேன். ஐந்து நிமிடம் அனுமதி கொடுத்தார்கள். நான் மாட்டியிருந்தது போன்ற மாஸ்க்தான் அவளுக்கும். ஆனால் அவள் நெஞ்சு ஏறி இறங்கிய விதம் வேறு. கண் வெள்ளை மஞ்சளாகியிருந்தது. சிறுநீர் போகிற பை காலியாகத் தொங்கியது. என்னைப் பார்த்ததும் மாஸ்க்கைத் தூக்கினாள்.

"நீங்க எதுக்குக்கா எந்திரிச்சு வந்திய?"

"ஏட்டி தங்கம், நான் ஒண்ணு சொல்லணும். கல்லறைத் தோட்டத்துக்கு யார் யாரு வந்தான்னு டாக்டர் எங்கிட்ட எட்டு நாளைக்கி முன்னாலயே கேட்டாவ. எல்லார் பேரையும் சொன்னேன். ஒம் பேரச் சொல்லல. சொல்லியிருந்தா ஒனக்கும் அன்னைக்கே மாத்திரை கெடச்சிருக்கும்."

மாஸ்க்கை முகத்தில் வைத்து இரண்டு மூன்று தடவை இழுத்தாள், பிறகு எடுத்தாள். மூச்சுக்காகத்தான் காத்திருந்தாளா, தெரியவில்லை.

"காய்ச்சல்ல எப்பிடிக்கா ஞாபகம் வரும்?"

"எனக்கு எல்லாம் ஞாபகம் இருந்துச்சு, தங்கம். ஒன்னையத்தான் நெனைக்கல."

அப்படியே பொய்யாகத் தலையாட்டி அவள் கொடுத்த சமாதானத்தை வாங்கிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை. அழுதேன். அவள் மாஸ்க்கை மறுபடி தூக்க முயன்றாள். நர்ஸ் வந்து அழுத்திப் போட்டுவிட்டு, போதும் என்று எங்களை வெளியே அனுப்பினார். நாற்காலி திரும்பும்போது அவள் கையை லேசாக அசைத்தாள். விடுங்க என்கிறாளா, போங்க என்கிறாளா, எனக்கு விளங்கவில்லை.

அன்றைக்குப் பிற்பகலில் அவளைத் திருநெல்வேலிக்கு ஆம்புலன்சில் கொண்டுபோனார்கள். அங்கே டயாலிசிஸ் வைத்தார்கள். அதாவது நின்றுபோன சிறுநீரகத்தின் வேலையை ஓர் இயந்திரத்தைக் கொண்டு செய்ய வைப்பது. மூச்சுக்கும் இயந்திரம். வெள்ளிக்கிழமை காலை நான் வீட்டுக்குப் போக உடுத்திக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தேன். கடையநல்லூர்ப் பெண் எழுந்து வந்து என் முதுகைத் தடவிக்கொடுத்தாள். "வெந்நி புடிச்சுக் குடுத்தாவளே, அவியளா?" என்று கேட்டுவிட்டு அவளும் அழுதாள்.

எனக்கு நடக்கத் தெம்பில்லாததால் அடக்கத்துக்குப் போக முடியவில்லை. போயிருக்க முடியுமா என்பதும் தெரியாது. ஒரு மாதம் வீட்டில் கிடந்தேன். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. சோறு இறங்கவில்லை. ஐக்கியத்துப் பெண்கள் முறை வைத்துக் குழம்பு கொடுத்தனுப்பினார்கள். நல்ல பெண்கள். அவர்களிடம் சொன்னபோது ஒருத்திகூட என்னைக் குறை சொல்லவில்லை. "அவ நேரம் வந்துட்டு, நீங்க என்ன செய்வியக்கா" என்றார்கள். நானும் எத்தனையோ வீடுகளில் இதே வார்த்தையைச் சொல்லிவிட்டுக் காப்பி குடித்து வந்திருக்கிறேன்.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. பெரிய நோயிலிருந்து எழுந்தவர்கள், முதன்முதல் கோயிலுக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிகிற நேரத்தில் முன்னால் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். கர்த்தர் என்னை எப்படித் தப்புவித்தார் என்று சொல்லி, ஸ்தோத்திரக் காணிக்கை வைத்துவிட்டு வர வேண்டும். போதகர் என் பெயரை அறிவித்தார். வீட்டுக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார்.

நான் நிறையப் பேசவில்லை. உண்ணிக் காய்ச்சல் வந்தது, பிழைத்தேன், மருந்துக்கும் டாக்டருக்கும் கடவுளுக்கும் நன்றி என்றேன். பிறகு, என்னோடு இருந்தவர்களின் பெயரை டாக்டர் கேட்டார், நான் தங்கத்தின் பெயரைச் சொல்லவில்லை, அதனால் அவளுக்கு மருந்து கிடைக்க எட்டு நாளாயிற்று, மேல் வலிக்கிறது என்று என்னிடமே வந்து சொன்னவளுக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுத்து அனுப்பினேன் என்றேன். அவளிடமும் டாக்டர் கேட்டார், அவள் யாரையும் விடவில்லை, ஆடு மேய்த்த ஆச்சி அதனால் உயிரோடு இருக்கிறார் என்றேன். இத்தனை வருடம் உங்களுக்கு அன்பைப் பற்றியும் தாழ்மையைப் பற்றியும் பேசியிருக்கிறேன், எனக்கு அந்த இரண்டும் தெரியாது, தெரிந்தவள் இந்தக் கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள் என்றேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. போதகர் தொண்டையைச் செருமிவிட்டு அடுத்த பாட்டின் எண்ணைச் சொன்னார்.

எல்லோரும் போன பிறகு வெளியே வந்தேன். வேப்பமரத்தடியில் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு செல்லத்துரை நின்றார். கோயிலுக்குள் வருகிற பழக்கம் அவருக்கு அதிகம் கிடையாது. தாடி வளர்ந்திருந்தது.

"வெளியதான் நின்னேன். நீங்க பேசினது மைக்குல கேட்டுச்சு."

நான் தலையாட்டினேன்.

"அன்னைக்கே அந்த மாத்திரை கெடச்சிருந்தா பொழச்சிருப்பாளாக்கா?"

இந்தக் கேள்விக்கு எங்களிடம் எப்போதும் ஒரு பதில் இருக்கிறது. கர்த்தருடைய சித்தம் என்று சொல்லிவிடலாம். அவரும் தலையைக் குனிந்துகொண்டு போயிருப்பார்.

"பொழச்சிருப்பா, தம்பி" என்றேன்.

அவர் சைக்கிள் மணியைப் பெருவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அவளுக்கு இது தெரியுமா?"

"தெரியும். புதன்கிழம காலையில நானே போயிச் சொன்னேன்."

அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எதையோ கணக்குக் கூட்டிப் பார்ப்பது போல நெற்றியைச் சுருக்கினார்.

"அன்னைக்கி மத்தியானம் என்னைய உள்ள கூப்பிட்டா. சரியாப் பேச முடியல. ‘சாராளக்கா அழுதுட்டுப் போறாவ, மனசு சரியில்ல. நீங்க போயி ஆறுதலா ரெண்டு வார்த்த பேசிட்டு வாங்க'ன்னா. என்ன விசயம்னு கேட்டேன். சொல்லல. ஒரு வார்த்தகூடச் சொல்லல." மணியைத் தேய்த்துக்கொண்டிருந்த விரலை எடுத்தார். "அதுக்குள்ள ஆம்புலன்சு வந்துட்டு. நான் வரல."

நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்காரர் ஓரமாக நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டார். செல்லத்துரை சைக்கிளை மரத்தில் சாய்த்துவிட்டு வந்து, என் எதிரே நின்றார்.

"இப்ப வந்திருக்கேன்" என்றார். "என்ன பேசணும்னுதான் தெரியலக்கா."